உன் தமிழ் போன நாளும் வந்த நாளும்

பாவா,

இன்று காலை நகரி ஆஸ்பத்திரியில் பிபி பார்க்க என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்கள். பார்த்து முடித்ததும் நர்சம்மா பட்டையைப் பிய்த்துப் பிரித்தார். சர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நீ பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, "இன்னா சார், எனக்கு எவ்ளோ கீது?" என்று கேட்டுச் சிரித்தாய். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சத்தத்துக்குள் நீதான் இருக்கிறாய். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற தறிக்காரர் ஒருவர், "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, வூட்ல தொல்ல தாங்காமதான் வந்தேன்" என்று நர்சம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று டிப்போவில் டாக்டரிடம் நீ சொன்ன அதே 'ஒண்ணும் இல்ல'. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் ஒருவரையொருவர் பாவா என்று கூப்பிடுவதைக் கேட்டு, உன் தங்கையை நான் கட்டியிருக்கிறேன் என்றே டிப்போவில் பலர் நம்பினார்கள். உனக்குத் தங்கையே கிடையாது. தெலுங்கில் மச்சானைக் கூப்பிடுகிற அந்தச் சொல் எப்படியோ நமக்குள் ஒட்டிக்கொண்டது. நான் டிரைவர், நீ கண்டக்டர். திருப்பதியில் கிளம்பி புத்தூர், நகரி, திருத்தணி வழியாகச் சென்னை, பிறகு அதே வழியில் திரும்புவது. தொண்ணூறுகளின் நடுவில் ஜோடி சேர்ந்தோம். பதினோரு வருஷம் ஒரே வண்டி.

நாகலாபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம் உனக்கு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. இந்த எல்லையில் அது பெரிய விஷயமில்லை, எனக்கும் அப்படித்தான். ஆனால் உன்னிடம் இருந்தது வேறு. படியில் ஒருவர் கால் வைக்கும்போதே அவரிடம் எந்த மொழியில் பேச வேண்டும் என்று உனக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டேன். "எனக்கு எங்க பாவா தெரியும்? வாய்க்குத் தெரியுது" என்றாய். ஒரே மூச்சில் முன் சீட்டுக்குத் தெலுங்கில் சில்லறை கேட்டு, பின் சீட்டுக்குத் தமிழில் நகர்ந்து உட்காரச் சொல்வாய். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுவேன். எனக்கு அது அப்போதே ஒரு அதிசயமாகத்தான் இருந்தது.

அந்த வருஷங்களில் ஊரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனிகளுக்குப் போகிற பையன்கள், கம்ப்யூட்டர் படிக்கப் போகிறவர்கள், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள். எல்லாரும் நம் வண்டியில்தான் ஏறினார்கள். ஒரு பெண் புத்தூரில் ஏறியதிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். மடியில் புதுப் பெட்டி. குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறாள். நீ அவள் பக்கத்தில் போய்க் குனிந்து தெலுங்கில் ஏதோ சொன்னாய். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். என்ன சொன்னாய் என்று நான் கேட்டபோது, "அது அந்தப் பொண்ணுக்குச் சொன்னது பாவா" என்றாய். கடைசிவரை சொல்லவில்லை. உன் மகனும் பிறகு அதே குவைத்துக்குத்தான் லாரி ஓட்டப் போனான். அவனை ஏற்றிவிட்ட அன்று நீ யாரிடமும் பேசவில்லை.

டிப்போவில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் உடம்பு பார்ப்பார்கள். நமக்கு அது ஒரு சடங்கு மாதிரி. நாம் ஜோடி சேர்ந்த பத்தாவது வருஷம் டாக்டர் உனக்கு ஒருமுறை பிபி பார்த்தார். உட்காரச் சொல்லி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பார்த்தார். பிறகு இன்னொரு கையில் பார்த்தார்.

"தலவலி வருதா? தலை சுத்துதா?"

"ஒண்ணும் இல்ல சார். குண்டுக்கல்லு மாதிரி கீறேன்."

"நூத்தி எண்பது, நூத்திப் பத்து இருக்குப்பா. ரத்தக் கொதிப்பு."

நீ நிஜமாகவே சிரித்தாய். "எனக்கா? சார், டிப்போல யார வேணா கேளுங்க. நான் கோவமே படமாட்டேன். எனக்கு எப்படிக் கொதிக்கும்?"

"கோபக்காரனுக்குத்தான் வரும்னு எவன் சொன்னது? கொதிப்புன்னு பேரு வெச்சதுல வந்த வினை இது" என்று டாக்டரும் சிரித்தார். "குழாய்ல ஓடற ரத்தம், குழாயோட சுவரை எவ்வளவு பலமாத் தள்ளுது, அதான் கணக்கு." என்னைப் பார்த்துத் திரும்பினார். "நீ டிரைவர்தானே? டயர்ல அளவுக்கு மேல காத்து அடிச்சா இன்னா ஆவும்?"

"வண்டி நல்லாத்தான் சார் போவும். டயரும் பாக்கறதுக்குக் கிண்ணுனு இருக்கும். நடுவுல மட்டும் தேஞ்சுக்கினே வரும். ஒருநாள் வெடிக்கும்."

"இவரு டயர் இப்ப கிண்ணுனு இருக்குது" என்றார் டாக்டர்.

அப்புறம் உன்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். உன் நைனா எப்படிப் போனார்? வயலில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்றாய். சிகரெட்? உண்டு. தூக்கம்? கண்டக்டருக்கு ஏது? ஊறுகாய், அப்பளம்? நீ என்னைப் பார்த்தாய். சோற்றைவிட ஊறுகாயை அதிகம் துன்னுகிற ஆள் நீ. இவையெல்லாம் கூட்டுச் சேர்ந்து ஏற்றுகிறவை என்றார். ஆனாலும் நிறையப் பேருக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் எடுத்துக் காட்ட முடியாதாம். இப்படியே வருஷக்கணக்கில் விட்டால் குழாய்ச் சுவர் தடித்து இறுகிவிடும், மூளை, இதயம், சிறுநீரகம், கண் என்று எங்கே வேண்டுமானாலும் அடி விழலாம், விழுகிற நாள்வரை உனக்கு எதுவுமே தெரியாது என்றார். இதயம் ஒரு நாளைக்கு லட்சம் தடவை அடிக்கிறது என்று அவர்தான் சொன்னார். வெளியே வந்ததும் நீ நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டாய். "நம்ம வண்டியாச்சும் டிப்போக்கு வந்தா நிக்குது பாவா. இது நான் பொறந்ததிலேர்ந்து ஒரு தடவகூட நிக்கல" என்றாய். உன் முகத்தில் பயமில்லை. கோயிலில் திரை விலகும்போது ஜனங்கள் பார்ப்பார்களே, அந்த மாதிரி பார்த்தாய்.

தெலுங்கில் இதற்கு ரக்தபோட்டு என்று பேர். போட்டு என்றால் கடல் பொங்கி ஏறுவது. அந்தப் பேர்தான் உனக்குப் பிடித்திருந்தது. "தமிழ்ல சொன்னா அடுப்புமேல வெச்ச மாதிரி இருக்குது. தெலுங்குல சொன்னா உள்ளுக்குள்ள சமுத்திரம் இருக்குதுன்னு ஆவுது. எனக்கு சமுத்திரமே இருக்கட்டும்" என்றாய்.

ஏழெட்டு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டாய். மறுபடி பார்த்தபோது அளவு சரியாக வந்துவிட்டது. அன்றோடு நிறுத்தினாய். அது என்னை விட்டால் யாருக்கும் தெரியாது. புத்தூரில் டீ குடிக்கும்போது சொன்னாய்: "அதான் சரியாப் போச்சே. நல்லா இருக்கறவன் எதுக்கு மாத்திர துன்னணும்?" மாத்திரை போட்டதால்தான் அளவு இறங்கியிருக்கிறது, நோய் எங்கேயும் போய்விடவில்லை என்று டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. நான் சொல்லவில்லை. உன்னோடு வாதம் செய்து ஜெயித்தவன் யார் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் உன் மனைவி வசந்தா நகரிக் கடைத்தெருவில் என்னை நிறுத்தினாள். "அண்ணா, அவரு வண்டியில மாத்திர போட்டுக்கறாரா? வூட்ல கேட்டா டூட்டில போட்டுக்கறேன்றாரு" என்றாள். அவள் திருவள்ளூர்ப் பக்கத்துப் பெண், எதையும் நேராகக் கேட்பாள். நான், "போட்டுக்கறாரும்மா" என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் சொன்ன பொய் இல்லை அது. உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று யோசித்தே சொன்னேன். அதை நட்பு என்று நினைத்தேன்.

அடுத்த கோடையில் அது நடந்தது. காலையில் திருப்பதியில் கிளம்பி வடமாலப்பேட்டையில் நிறுத்தினேன். ஆள் ஏறியாயிற்று. விசில் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். விசில் வாயிலிருந்து நழுவி விழுந்திருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை தொங்கியது. டிக்கெட்டெல்லாம் காலடியில். நான் ஓடி வந்து, "பாவா, இன்னா ஆச்சு?" என்று கத்தினேன். நீ ஏதோ சொல்ல வந்தாய். வந்தது சொல்லாக இல்லை.

வண்டியில் ஐம்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். பாதிப் பேர் சென்னைக்கு அவசரமாகப் போகிறவர்கள். "வண்டிய திருப்பதிக்கே திருப்பப் போறேன். எறங்கறவங்க எறங்கிக்கங்க" என்று இரண்டு மொழியிலும் சொன்னேன். ஒருவரும் இறங்கவில்லை. முன் சீட்டிலிருந்த அம்மா உன் தலையை மடியில் வாங்கிக்கொண்டு, "போ நாயனா, தொரகா போ" என்றாள். நீ யாரென்று தெரியாதவள், சீக்கிரம் போ என்று என்னைத் துரத்தினாள். பஸ்ஸை அப்படியே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். பிறகு அதற்கு மெமோ கொடுத்தார்கள். பதில் எழுதினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மூளைக்குப் போகிற சின்னக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். இடது பக்கத்தில் ஒரு கறுப்புத் தடம், படத்தில் பார்த்தால் ஒரு புளியங்கொட்டை அளவுதான். இதனால்தான் வலது கையும் பேச்சும் போயிருக்கிறது. நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பேசிய அத்தனை பேச்சும், பஸ் படியில் கால் வைத்ததும் உன் வாய்க்குத் தெரிந்த அதுவும், இவ்வளவு சின்ன இடத்தின் வழியாகவா போய்க்கொண்டிருந்தது?

ஒன்பது நாள் ஒரு சொல்லும் இல்லை. பத்தாம் நாள் நர்ஸ் ஊசி போட வந்தபோது, "நொப்பி" என்றாய். வலி என்று அர்த்தம். வசந்தா சந்தோஷத்தில் அழுதாள். அடுத்தடுத்த நாளில் இன்னும் சொற்கள் வந்தன. நீள்ளு, தண்ணீர். இன்ட்டிக்கி, வீட்டுக்கு. சாலு, போதும். மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்தபோது உடைந்து உடைந்து வாக்கியமே வந்தது. எல்லாம் தெலுங்கு. வசந்தா தமிழில் கேட்பாள், ஓரளவுக்கு உனக்குப் புரியும், நீ வாயைத் திறந்தால் தெலுங்குதான் வரும். தமிழில் சொல்லப் பார்ப்பாய். உதடு அசையும், நெற்றி வேர்க்கும், ஒன்றும் வராது. உன் அம்மா உனக்கு ஊட்டிய மொழி போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த மொழி நின்றது.

ஸ்கேன் காட்டிய டாக்டரிடம் ஓடினேன். "சார், தமிழ் தனி ரூம்ல, தெலுங்கு தனி ரூம்ல இருக்குமா?" என்று கேட்டேன். அவர் என் கேள்வியைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "அப்படிச் சுவர் கட்டிப் பிரிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டு மொழிக்காரங்களுக்குச் சில சமயம் இப்படி ஆகும். எது முன்னால வரும், எது பின்னால வரும், வருமா வராதா, எதையும் அடிச்சுச் சொல்ல எங்களால முடியாது" என்றார். பிறகு, "எனக்கும் இது ஆச்சரியம்தான்" என்றார். அவ்வளவு படித்தவர் அப்படிச் சொன்னது எனக்கு அவர்மேல் மரியாதையைக் கூட்டியது.

வசந்தாவுக்குத் தெரிந்த தெலுங்கு காய்கறி வாங்கப் போதும். புருஷனோடு பேசப் போதாது. உங்கள் மகன் குவைத்திலிருந்து வாரம் ஒருமுறைதான் போனில் வருவான். அதனால் டூட்டி முடிந்ததும், இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த நான் தினம் வந்தேன். இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய புருஷன் பொண்டாட்டிக்கு நடுவில் உட்கார்ந்து, ஒருவர் சொல்வதை இன்னொருவருக்குச் சொன்னேன். உனக்கு முதுகில் அரிப்பு, ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாய், மகன் பணம் அனுப்ப வேண்டாம் லீவு போட்டு வரட்டும் என்கிறாய். நீ சொன்னதை நான் தமிழில் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கமாட்டாள். உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் நீ என் கையை இடது கையால் பிடித்தாய். "ஆமெகி செப்பு" என்றாய். அவளிடம் சொல்லு. "மாத்ர... நேனே மானேசினா." மாத்திரையை நானேதான் விட்டேன். மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சொன்னாய்: "நீகு... தெலீதனி செப்பு." உனக்கு அது தெரியாது என்று சொல்லு.

உனக்கு ஒரு வாக்கியம் கட்டுவது மலை ஏறுவது மாதிரி. இருந்ததையெல்லாம் திரட்டி, என்னைக் காப்பாற்ற ஒரு வாக்கியம் கட்டியிருந்தாய்.

மாத்ர என்ற சொல் வசந்தாவுக்குப் புரிந்துவிட்டது. "இன்னா சொல்றாரு அண்ணா? மாத்திரைன்னாரே?" என்றாள். அடுப்பில் குழம்பு தீய்ந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து போகவில்லை.

"மாத்திரைய அவரேதான் விட்டாராம்" என்றேன். "எனக்குத் தெரியாதுன்னு சொல்லச் சொல்றாரு. எனக்குத் தெரியும்மா. நீ கேட்ட அன்னிக்கே தெரியும்."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். வசந்தா என்னைத் திட்டுவாள், வெளியே போகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். கடைசியில் எழுந்து அடுப்பை அணைத்தாள். அங்கிருந்தே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "நாளைக்கும் வாங்க. அவரு இன்னா சொல்றாருன்னு எனக்குத் தெரியணும். இனிமே ஒரு சொல்லு சேக்காதீங்க, ஒரு சொல்லு கொறைக்காதீங்க."

மறுநாளும் போனேன். அவள் என்னிடம் வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. மாதக்கணக்கில் டீ டம்ளரை முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஆனால் அந்த மாதங்களில்தான் அவள் தெலுங்கு கற்றுக்கொண்டாள். பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் கேட்டு, தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, நாற்பத்து மூன்று வயதில். உனக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டே சொல்லிப் பார்ப்பாள். தப்பாகச் சொன்னால் நீ தலையை ஆட்டித் திருத்துவாய். நான் போக வேண்டிய நாட்கள் குறைந்தன. ஒருநாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே நீங்கள் இரண்டு பேரும் பேசிச் சிரிப்பது கேட்டது. செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆறாவது மாதம், மத்தியானம் வசந்தா செருப்புக்கூடப் போடாமல் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். "அண்ணா, உப்பு இல்ல!" என்றாள். மூச்சு இறைத்தது. நான் உள்ளே போய் உப்புப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"ஐயோ, அது இல்லண்ணா! அவரு சொன்னாரு! ரசத்த வாயில வெச்சிட்டு, உப்பு இல்லன்னாரு! தமிழ்ல!"

இரண்டு பேரும் தெருவில் ஓடினோம். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து அவள் வைத்த ரசத்தை நீ ஆறு மாதமாக ஒன்றும் சொல்லாமல் குடித்துக்கொண்டிருந்தாய். நாங்கள் உள்ளே வந்ததும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாய். நீ தமிழில் சொன்னது உனக்கே தெரியவில்லை. வசந்தா தட்டைத் தூக்கிக் காட்டி, "இன்னொரு தபா சொல்லு" என்று கெஞ்சினாள். நீ யோசித்தாய். "உப்பு... இல்லடி" என்றாய். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று அவள் என்னிடம் பேசினாள், பாவா. மாதக்கணக்கில் பேசாதவள், "சாப்ட்டுட்டுப் போங்கண்ணா" என்றாள். உப்பில்லாத அந்த ரசத்தை மூன்று பேரும் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தாய். தமிழ் ஒவ்வொன்றாக வந்தது, முழுதாக வரவில்லை. இரண்டும் கலந்து, இடம் மாறி வரும். டூட்டிக்குப் போக முடியாததால் நகரி பஸ் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்து, தெரிந்த டிரைவர் கண்டக்டரையெல்லாம் பிடித்து நிறுத்தி, "பிபி பாத்தியா? மாத்திர வேசுகுன்னாவா, போட்டியா?" என்று கேட்பாய். உன் வாயைத் தொட்டுக் காட்டுவாய். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கடைசி இரண்டு வருஷம் சிறுநீரகம் சோர்ந்துவிட்டது. பழைய வருஷங்களில் விழுந்த அடி அங்கேயும் மெதுவாக வேலை செய்திருந்தது. வாரம் இரண்டு தடவை திருப்பதிக்கு டயாலிசிஸ். நான் ரிட்டயராகிவிட்டதால் கூட வருவேன். குழாயில் உன் ரத்தம் வெளியே போய் மிஷினைச் சுற்றிவிட்டுத் திரும்பி வருவதை நீ கண் கொட்டாமல் பார்ப்பாய். "பாவா, பாரு. என் ரத்தம் வெளியூர் போய்ட்டு வருது" என்றாய் ஒருநாள். "போறது எல்லாம் வருது பாரு." அப்படிப்பட்ட படுக்கையில் கிடந்து ஒருவன் ஆச்சரியப்பட முடியும் என்பதை நான் உன்னிடம்தான் பார்த்தேன். அந்தப் படுக்கையிலேயே ஒரு மத்தியானம் உன் இதயம் நின்றது. வசந்தா உன் காதருகே குனிந்து பேசிக்கொண்டிருந்தாள். தெலுங்கிலா தமிழிலா என்று நான் கவனிக்கவில்லை.

நீ போய் நான்கு வருஷம் ஆகிவிட்டது. எனக்கும் இப்போது மாத்திரை உண்டு, ஒருநாளும் விட்டதில்லை. பொய்யும் சொல்வதில்லை, சின்னப் பொய்கூட. ஆனால் நீ எனக்கு விட்டுப்போனது அது மட்டும் இல்லை. வாயைத் திறந்தால் சொல் வருகிறதே, அதை நீ போன பிறகு நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டதே இல்லை. காலையில் எழுந்ததும் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். அந்தப் பேர் எங்கேயோ இருந்து, தலைமுடியைவிட மெலிந்த குழாய்களில் ரத்தம் ஓடுகிற தைரியத்தில், ஒரு நொடிக்குள் என் நாக்குக்கு வந்து சேர்கிறது. சில நாள் அந்த ஆச்சரியத்திலேயே அடுத்த வார்த்தையைச் சொல்லாமல் நின்றுவிடுகிறேன். "இன்னா, கூப்ட்டுட்டு நிக்கறீங்க?" என்கிறாள் அவள்.

மத்தியானத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், பாவா. இத்தனை பக்கம் ஆகிவிட்டது. தேடிய சொல் ஒவ்வொன்றும் வந்தது. ஒன்றுகூட வழியில் நின்றுவிடவில்லை.